கோயில் அலமாரியில் பிளாப்பிகள்: உள்ளே இருக்கும் தமிழை எப்படி மீட்பது?

தட்டோன் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் தட்டோனிலுள்ள எங்கள் கோயில் அலுவலகத்தில் ஒரு பெட்டி நிறைய பிளாப்பிகள், அதாவது கணினிக் கோப்புகளைச் சேமித்த பழைய காந்த வட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்றரை அங்குலம், ஐந்தேகால் அங்குலமும் கொஞ்சம் உண்டு. மேலே ஒட்டிய தாளில் பேனாவால் ‘திருவிழா மலர் 97’, ‘இரண்டாம் வகுப்புப் பாடம்’, ‘கல்யாணப் பதிவு’, ‘நன்கொடை’ என்றெல்லாம் எழுதியிருக்கிறது. தட்டச்சு செய்த பெரியவர் இப்போது இல்லை. மலர்களில் சில அச்சுப் படிகள் மிஞ்சியிருக்கின்றன. பாடங்களுக்கு ஒன்றுமே இல்லை. அப்போது ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், அதெல்லாம் போயே போய்விட்டது.

என்னிடம் விண்டோஸ் 11 லேப்டாப் இருக்கிறது. ரங்கூனிலிருந்து யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அது போதுமா? சில பிளாப்பிகளின் உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கலாமா?

மோரே கடைக்காரர்:

தம்பி, டிரைவ் போதும். சொருகினால் ஏ டிரைவ் என்று காட்டும். திறந்து மொத்தத்தையும் காப்பி எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டுவிடு. கடைக்குப் பழைய கணக்கு கொண்டுவருபவர்களுக்கு நான் இப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இந்த வட்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் வேண்டாம் என்று அழுத்து.

ஐராவதி:

தம்பி, அந்த வெள்ளைப் புள்ளி உள்ளவற்றைத் தயவுசெய்து போடாதே. அது பூஞ்சை. நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை மழை, அலமாரி எப்போதும் ஈரம். இத்தனை வருடத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிளாப்பி டிரைவில் ஹெட் என்ற படிக்கும் முனை வட்டைத் தொட்டுக்கொண்டே ஓடும். வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் அந்த வட்டு கீறிப்போகும், அடுத்து நீ போடும் நல்ல வட்டும் கீறிப்போகும். ஆகவே முதல் வேலை, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வைத்து மூடியை நகர்த்தி ஒவ்வொன்றையும் பார்த்துப் பிரித்து வைப்பது. சுத்தமானவை ஒரு பக்கம், சந்தேகமானவை ஒரு பக்கம். சுத்தமானவற்றில் முதலில் கை வை.

இரண்டாவது, எழுத்துத் தடை. மூன்றரை அங்குல வட்டின் மூலையில் தள்ளக்கூடிய சின்னத் தாழ் இருக்கும். துளை திறந்திருந்தால் அதில் யாரும் எதையும் எழுத முடியாது. எல்லாவற்றிலும் அதைத் திறந்து வை. ஐந்தேகால் அங்குலத்தில் இது நேர் எதிர்: ஓரத்தில் இருக்கும் வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் தடை.

மூன்றாவது, இதில்தான் கடைக்காரர் அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகாது. கோப்பு கோப்பாகக் காப்பி எடுக்காதே. வட்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக எடு. 1.44 எம்பி வட்டில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம் (வட்டமான கோடு), தடத்துக்கு 18 பகுதி, ஒரு பகுதியில் 512 பைட். மொத்தம் 14,74,560 பைட். இமேஜ் கோப்பு சரியாக அந்த அளவில் இருந்தால் வட்டின் ஆரம்பம் முதல் கடைசி வரை உன் கையில் வந்துவிட்டது.

மோரே கடைக்காரர்:

அண்ணே, ஒரு பெட்டி வட்டு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இமேஜ் எடுத்து, அதை மறுபடி திறந்து பார்த்து என்று போனால் எப்போது முடியும்? நல்ல வட்டுக்கு நேரே காப்பி எடுத்தால் என்ன கெட்டுவிடும்?

ஐராவதி:

நல்ல வட்டா இல்லையா என்பது படித்து முடித்த பிறகுதானே தெரியும் அண்ணே.

விண்டோஸில் காப்பி எடுக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஹெட் முதல் தடத்திலுள்ள அட்டவணைக்குப் போய்த் திரும்பி வரும். வயதான வட்டில் அதிகம் தேய்வது அந்தத் தடம்தான், அது போனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். அப்புறம், ஒரு கோப்பில் ஒரே ஒரு பகுதி கெட்டிருந்தாலும் விண்டோஸ் பிழை என்று சொல்லி மொத்தக் கோப்பையும் விட்டுவிடும். இமேஜ் எடுத்தால் போவது அந்த 512 பைட் மட்டும். தமிழ்ப் பாடத்தில் நாலைந்து வரி போகும், மிச்சப் பக்கங்கள் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் இடம் போதாமல் பழையதை அழித்துவிட்டு அதே வட்டில் புதியதை எழுதுவார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் முறையில் கோப்பை அழித்தால் பெயரின் முதல் எழுத்து மட்டும் மாற்றப்படும், அட்டவணையில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளடக்கம், அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாதவரை அங்கேயே கிடக்கும். இமேஜ் இருந்தால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரல்களை அதன்மேல் ஓட்டிப் பார்க்கலாம். 97 மலருக்குக் கீழே 96 மலர் கிடைத்தாலும் கிடைக்கும். நேரே காப்பி எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது.

எப்படி எடுப்பது என்றால், விண்டோஸில் வின்இமேஜ் என்ற நிரல் போதும். ஆனால் நான் எப்போதும் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயக்க முறைமையைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் எடுக்கிறேன். அது சுலபமாகப் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயலும். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். அந்த வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு இன்னொரு டிரைவில் அதே வட்டைப் போட்டால், வராத பகுதிகளை மட்டும் அது தேடும். டிரைவுக்கு டிரைவ் ஹெட் நிற்கும் இடம் துளி மாறும். ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் படித்துவிடும். முடிந்தால் வேறு வேறு கம்பெனி டிரைவ் இரண்டு கடன் வாங்கி வைத்துக்கொள்.

மோரே கடைக்காரர்:

அழிந்த கோப்பு கிடைக்கும் என்பது நியாயம்தான். அதற்காகவாவது இமேஜ் எடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். தம்பி, வைரஸ் பற்றியும் நினைவு வைத்துக்கொள். 90-களின் வட்டுகளில் பூட் வைரஸும் வேர்ட் மேக்ரோ வைரஸும் சாதாரணம். பூட் வைரஸ் அந்த வட்டிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால்தான் வேலை செய்யும். சொருகியபடி ரீஸ்டார்ட் செய்யாதே. வேர்ட் கோப்பைத் திறக்கும்போது மேக்ரோவை, அதாவது கோப்புக்குள் இருந்து ஓடும் சிறு நிரலை, அணைத்து வை.

பெகு அக்கா:

பூஞ்சை பிடித்த வட்டுகளைத் தூக்கிப்போட்டுவிடுவாயோ என்று பயந்து எழுதுகிறேன். அவையும் பிழைக்கும். நான் எங்கள் பஜனை மடத்துப் பாட்டுத் தொகுப்பை அப்படித்தான் எடுத்தேன்.

லேசான பூஞ்சை என்றால் மூடியை நகர்த்திப் பிடித்துக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் வட்டைத் தடவி, நடுவிலிருக்கும் உலோகத் தகட்டைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி முழுதும் துடைக்க வேண்டும். இரண்டு பக்கமும். மருந்துக்கடையில் 70 சதவீதம் கிடைக்கும், அதில் தண்ணீர் அதிகம். 90-க்கு மேல் உள்ளது தேடி வாங்கு. நன்றாக உலர்ந்த பிறகுதான் டிரைவில் போட வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொள் தம்பி, அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

அதிகமாகப் பிடித்திருந்தால் பிளாஸ்டிக் உறையை ஓரமாக நெம்பிப் பிரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, வேறொரு நல்ல பிளாப்பியின் உறைக்குள் வைத்துப் படிக்கலாம். உறைக்குள் ஒட்டியிருக்கும் துணியிலும் பூஞ்சை இருக்கும் என்பதால் பழைய உறையில் திரும்பப் போடக் கூடாது. துடைக்கும்போது பஞ்சில் பழுப்பு நிறமாக வந்தால் உடனே நிறுத்து. அது எழுத்தைத் தாங்கியிருக்கும் பூச்சே உரிகிறது என்று அர்த்தம். சந்தேகமான வட்டு ஒவ்வொன்றுக்குப் பிறகும் டிரைவின் ஹெட்டையும் துடைக்க வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு மலிவு டிரைவ் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தட்டோன் தம்பி:

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. டிரைவ் வந்துவிட்டது. சுத்தமாகத் தெரிந்த மூன்றரை அங்குல வட்டுகளில் பெரும்பாலானவை முழுதாக இமேஜாக வந்துவிட்டன. சிலவற்றில் சில பகுதிகள் மட்டும் வரவில்லை. நண்பரின் பழைய டிரைவில் போட்டபோது அவற்றிலும் பாதி வந்தது.

இப்போது வேறு சிக்கல். கோப்புகள் வேர்ட் 6, வேர்ட் 97 வகை. புதிய வேர்ட் சிலவற்றைத் திறக்க மறுக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச நிரலில் திறக்கிறது. ஆனால் உள்ளே தமிழே இல்லை! ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பை போல இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

மோல்மீன் வாத்தியார்:

கெடவில்லை தம்பி. நீ பார்ப்பது தமிழேதான், உன் கணினியில் அதற்குரிய எழுத்துரு இல்லை. அவ்வளவுதான்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு யூனிகோட். அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண விண்டோஸ் கணினியில் அதை வைத்துத் தமிழ் தட்டச்சு செய்ய வழியில்லை. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில். பாமினி ஒன்று, மயிலை ஒன்று, முரசு அஞ்சல் ஒன்று. அப்புறம் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தாம், தாப் என்று இரண்டு வந்தன. டாஸ் காலத்து நிரல்களின் கணக்கே தனி.

ஒரு சோதனை சொல்கிறேன். உன் கோப்பில் ரோமன் எழுத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறதா பார். வந்தால் அது பாமினி வரிசை, அந்தச் சொல் ‘தமிழ்’.

இது நமக்குப் புதிதா என்ன? பர்மிய எழுத்தில் ஜோஜி என்ற பழைய எழுத்துரு முறையும் யூனிகோடும் அடித்துக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுகிறது என்று அறிவித்தார்களே, அதற்கு முன்னால் ஒரு போனில் எழுதியது இன்னொரு போனில் கலைந்து தெரியும். தமிழுக்கு நடந்தது அதே கதை, பல வருடம் முன்னால்.

தட்டோன் தம்பி:

வாத்தியார் ஐயா, அந்த வரிசை வருகிறது! பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

மோரே அண்ணன் எனக்குத் தனியாகச் சொன்னார், எல்லாவற்றையும் நோட்பேடில் ஒட்டி, ஆன்லைன் மாற்றியில் கொடுத்து எடுத்துவிடு என்று. செய்யலாமா?

மோல்மீன் வாத்தியார்:

நோட்பேடில் ஒட்டாதே. அதைச் செய்தால் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் தொலைந்துவிடும். கோயில் மலரில் தமிழ் மட்டுமா இருக்கும்? ஆங்கில முகவரி இருக்கும், பர்மியப் பெயர்கள் இருக்கும். பர்மியம் அந்தக் காலத்தில் வின் இன்வா போன்ற எழுத்துருக்களில், இதே மாதிரி ரோமன் எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் பாமினி என்று நினைத்து மாற்றினால் ஆங்கிலமும் பர்மியமும் பொருளில்லாத தமிழெழுத்துகளாக வெளியே வரும்.

முதலில் அந்தப் பெட்டியிலேயே எழுத்துரு வட்டு இருக்கிறதா பார். பெரும்பாலும் இருக்கும், கணினி மாற்றும்போது வேண்டுமென்று யாராவது சேர்த்து வைத்திருப்பார்கள். கிடைத்தால் நிறுவிவிட்டு லிப்ரே ஆபீஸில் திற. பெரியவர் பார்த்த அதே பக்கம் அப்படியே கண்முன் வரும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அதை பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள். பின்னால் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

அதன்பிறகு கோப்பை ஹெச்டிஎம்எல் என்ற இணையப் பக்க வடிவில் சேமி. எழுத்துருப் பெயர் கூடவே வரும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இதற்குப் பழைய துணை. பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர் இருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பில் பாமினி, டிஸ்கி, தாம், தாப், அஞ்சல் எல்லாவற்றுக்கும் மாற்றி உண்டு.

ஐராவதி:

பைத்தான் நான் எழுதித் தருகிறேன் வாத்தியார். தம்பி, கல்யாணப் பதிவையும் நன்கொடைக் கணக்கையும் மட்டும் எந்த ஆன்லைன் மாற்றியிலும் ஒட்டாதே. குடும்பங்களின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அவர்களைக் கேட்காமல் யாரோ ஒருவரின் சர்வருக்கு அனுப்ப நமக்கு உரிமை கிடையாது. அவற்றை இணையம் துண்டித்த கணினியில் மாற்றிக் கோயில் நிர்வாகத்திடம் மட்டும் கொடு. இங்கேயும் படம் போடாதே.

மோரே கடைக்காரர்:

அது சரியான பேச்சு. பாடமும் மலரும் ஊருக்குப் பொது, பதிவு அப்படி இல்லை. நான் மலரை மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிடிஎஃப் எடுத்தாகிவிட்டது, கண்ணால் படிக்க முடிகிறது. அதற்குமேல் இவ்வளவு மெனக்கெட்டு யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டுமா?

மோல்மீன் வாத்தியார்:

வேண்டும் ஐயா. அந்தப் பிடிஎஃப்பில் ‘முருகன்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, உள்ளே இருப்பது இன்னும் ரோமன் குறிகள்தான். பாடத்தை எடுத்து ஒரு சொல் திருத்தி, பிள்ளைகளின் போனுக்கு அனுப்ப முடியாது. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் தேசியமயமான பிறகு நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைத்தது பெரும்பாலும் கோயில் வகுப்புகளில்தான். இந்த நாட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த ஆற்றையும் சந்தையையும் வைத்து, இங்கேயே ஒருவர் உட்கார்ந்து எழுதிய பாடம் அது. படமாக மட்டும் இருந்தால் அருங்காட்சியகத்துக்குப் போகும். எழுத்தாக இருந்தால் அடுத்த வாரமே வகுப்பில் நடத்தலாம். எனக்கு வகுப்பில்தான் வேண்டும்.

தட்டோன் தம்பி:

எழுத்துரு வட்டு இருந்தது ஐயா! ஐராவதி அண்ணன் கொடுத்த பைத்தானும் ஓடுகிறது. தமிழ் தமிழாக வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சில பிழைகள் மட்டும் தெரிகின்றன. ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்று வருகிறது. சில சொற்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிகின்றன, ஆனால் தேடினால் அகப்படவில்லை. ‘கொடி’ அப்படி ஒன்று.

மோல்மீன் வாத்தியார்:

இரண்டும் எதிர்பார்த்ததே. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’ என்ற எழுத்துக்கும் ஒரே வடிவம்தான். எது குறி, எது எழுத்து என்று நிரலுக்குத் தெரியாது. ‘கெளரி’யில் அது குறி. ‘கெளுத்தி’ மீனில் அது நிஜமான ள. ஆகவே மொத்தமாக மாற்றிவிடாதே, பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்து. ‘மௌனம்’, ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’ மூன்றும் கோயில் மலரில் கட்டாயம் இருக்கும்.

‘கொடி’ விஷயம் வேறு. பழைய முறையில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பார்கள். ஜோஜியில் தவேத்தோ என்ற பர்மிய உயிர்க்குறியை எழுத்துக்கு முன்னால் வைப்பார்களே, அதே மாதிரி. யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி அதற்குப் பின். உன் மாற்றி கொம்பைப் பின்னால் தள்ளிவிட்டது, ஆனால் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக ஆக்கவில்லை. பார்வைக்கு வேறுபாடு தெரியாது, தேடும்போது தெரியும்.

ஐராவதி:

அதற்கு ஒரு வரி போதும். பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம், என்எஃப்சி வடிவம் என்று பைத்தானிலேயே இருக்கிறது. கடைசியில் அதைச் சேர்த்த புதிய நிரலை அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தேகால் அங்குல வட்டுகளை மறந்துவிடவில்லை. அவற்றுக்கு யூஎஸ்பி டிரைவ் உதவாது. பழைய கணினியிலிருந்து கழற்றிய உள் டிரைவ் வேண்டும், அதை லேப்டாப்போடு இணைக்க கிரீஸ்வீசல் என்ற சின்னச் சர்க்யூட் பலகை வேண்டும். ஒரு பக்கம் 34 பின் கேபிள், மறுபக்கம் யூஎஸ்பி. டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தனியாகக் கொடுக்க வேண்டும், பழைய கணினியின் பவர் சப்ளை போதும். இந்தப் பலகை வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். அதனால் சாதாரண டிரைவ் பிழை என்று கைவிட்ட தடத்தைப் பிறகு நிதானமாக நிரலால் அலசலாம். உன் மூன்றரை அங்குல வட்டுகளில் வராமல் நிற்கும் பகுதிகளுக்கும் இதே வழிதான். 360 கேபி வட்டில் 40 தடம், 1.2 எம்பி டிரைவில் 80. அதில் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று தாண்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். படிக்க மட்டும், எழுதக் கூடாது.

என்னிடம் பலகை இருக்கிறது, 1.2 எம்பி டிரைவும் இருக்கிறது. பஸ்ஸில் பார்சல் போடாதே, யாராவது ரங்கூன் வரும்போது கையில் கொடுத்தனுப்பு. ஸ்பீக்கர், காந்தம் எதுவும் அதே பையில் வேண்டாம்.

பெகு அக்கா:

எங்கள் மடத்திலும் ஐந்தேகால் அங்குலம் கொஞ்சம் இருக்கிறது ஐராவதி. தம்பியின் வட்டுகளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

ஐராவதி:

தாராளமாக அக்கா. உறை மேல் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துவிட்டு அனுப்புங்கள். இமேஜ் கோப்புக்கு அதே பெயரை வைக்கிறேன். அப்போதுதான் எது யாருடையது என்று குழப்பம் வராது.

தட்டோன் தம்பி:

அடுத்த வாரம் மாமா ரங்கூன் வருகிறார், அவரிடம் கொடுக்கிறேன். இமேஜ், பிடிஎஃப், யூனிகோட் மூன்றையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். மலரும் பாடமும் ஒரு படி மோரே அண்ணனிடம் இருக்கட்டும், பதிவுகள் இங்கே நிர்வாகத்திடம் மட்டும். வாத்தியார் ஐயா, இரண்டாம் வகுப்புப் பாடத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பதினோராம் பக்கத்தில் ஒரு பகுதி வரவில்லை, கதை நடுவில் நிற்கிறது.

மோல்மீன் வாத்தியார்:

வந்தது தம்பி. விடுபட்ட இடத்தில் நம்மாகவே எதையும் எழுதிச் சேர்க்க வேண்டாம், கோடு போட்டு விட்டுவிடு. அந்த வகுப்பில் படித்தவர்கள் தட்டோனிலேயே இருப்பார்களே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டுப் பார். யாருக்காவது அந்தக் கதை மனப்பாடமாக இருந்தால், சொன்னவர் பெயரோடு அடிக்குறிப்பில் சேர்ப்போம்.